தங்கத்துக்குப் பின் வந்த வெண்கலம்

ஆஸ்திரேலியாவின் லிடியா லஸ்ஸிலாவைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் 2010ஆம் ஆண்டு வான்கூவர் குளிர்கால ஒலிம்பிக்கில் அவர் வென்ற தங்கப் பதக்கத்திலிருந்து தொடங்குகிறார்கள். அது இயல்புதான். ஆனால் ஃப்ரீஸ்டைல் பனிச்சறுக்கின் ஏரியல்ஸ் பிரிவைப் பல ஆண்டுகளாகப் பதிவுகளில் பார்த்துவரும் எனக்கு, அவருடைய விளையாட்டு வாழ்க்கையின் உச்சம் நான்கு ஆண்டுகள் கழித்து, ரஷ்யாவின் சோச்சியில் நிகழ்ந்ததாகவே தோன்றுகிறது. அங்கே அவர் செய்த கடைசித் தாவல் வெற்றிகரமாக முடியவில்லை. தரையைத் தொட்ட கணத்தில் நிலைகுலைந்தார். மூன்றாம் இடம்தான் கிடைத்தது. இருந்தும், அவர் எதற்காக இத்தனை ஆண்டுகள் இந்த விளையாட்டில் இருந்தார் என்பதை அந்த ஒரு தாவல் சொல்வதுபோல வேறெதுவும் சொல்லவில்லை.

இதை விளக்க வேண்டுமானால் விளையாட்டின் உள்கட்டமைப்பைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஏரியல்ஸ் வீரர் ஒரு சரிவில் நேராகச் சறுக்கி வேகமெடுத்து, கிக்கர் என்று அழைக்கப்படும் பனி மேட்டின் மீது ஏறுகிறார். மூன்று குட்டிக்கரணங்களுக்கான கிக்கர் ஏறத்தாழ 4 மீட்டர் உயரமுள்ளது. அதன் உச்சி விளிம்பு ஏறக்குறைய செங்குத்தாக, 70 டிகிரி அளவுக்கு நிமிர்ந்து நிற்கும். மணிக்கு 60 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் அதன் மீது பாயும் வீரர், காலில் மாட்டிய சறுக்குக் கட்டைகளோடு மேலே தூக்கி எறியப்பட்டு, ஏறத்தாழ மூன்று விநாடிகள் காற்றில் இருக்கிறார். அந்த மூன்று விநாடிகளுக்குள் அவர் பின்புறமாக மூன்று முறை கரணம் அடிக்க வேண்டும். அதே நேரத்தில் தலை முதல் கால் வரை செல்லும் அச்சில் உடலைத் திருக வேண்டும். கடைசியில், மண்வெட்டிகளால் கொத்தி மென்மையாக்கப்பட்ட செங்குத்தான சரிவில் இரு கால்களால் இறங்கி, விழாமல் சறுக்கிச் செல்ல வேண்டும்.

கிக்கரை விட்டுக் கிளம்பிய பிறகு சுழல்வேகத்தை எங்கிருந்தும் கடன் வாங்க முடியாது என்பதுதான் இதில் இரக்கமற்ற அம்சம். கிளம்பும்போது உடலில் எவ்வளவு கோண உந்தம் இருந்ததோ, அவ்வளவுதான் இறங்கும்வரை இருக்கும். வீரர் செய்யக்கூடியதெல்லாம் அதைப் பங்கிடுவது மட்டுமே. ஒரு கையைத் தாழ்த்தி மற்றொன்றை உயர்த்தினால் உடல் சற்றுச் சாய்கிறது, கரணத்தின் சுழற்சியில் ஒரு பகுதி திருகலாக மாறுகிறது. கைகளை விரித்தால் திருகல் தணிகிறது. எங்கிருந்து புறப்படுவது, எவ்வளவு வேகம் வேண்டும், எதிர்க்காற்று வந்தால் எத்தனை அடி மேலே ஏறி நின்று தொடங்குவது என்ற கணக்குகளெல்லாம் அதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். வேகத்தில் சிறு பிழை நேர்ந்தாலும், கடைசிக் கரணம் சீக்கிரம் முடிந்து முதுகுப் பக்கம் சாய்வார், அல்லது முடியாமல் முகம் பனியில் மோதும்.

மதிப்பெண் முறை இந்த இடரை ஒரு பெருக்கலாக ஆக்கிவைத்திருக்கிறது. லஸ்ஸிலாவின் சோச்சிக் காலத்து முறையில், ஒவ்வொரு நடுவரும் 10க்கு மதிப்பெண் தருவார்: எழும்பிய விதத்துக்கு 2, காற்றில் உடல் இருந்த ஒழுங்குக்கு 5, இறங்கியதற்கு 3. ஐந்து நடுவர்களில் மிக உயர்ந்ததும் மிகத் தாழ்ந்ததும் நீக்கப்பட்டு, மீதி மூவரின் கூட்டுத்தொகை, அதாவது அதிகபட்சம் 30, தாவலின் கடின எண்ணால் பெருக்கப்படும். ஆக, ஒரு வீரரின் முன்னால் எப்போதும் இரண்டு பாதைகள் இருக்கின்றன. எளிய தாவலைத் தேர்ந்தெடுத்து அதைப் பழுதின்றிச் செய்யலாம். கடினமான தாவலைத் தேர்ந்தெடுத்து அதில் தப்பிப் பிழைக்கலாம். பெண்கள் பிரிவில் நீண்ட காலம் முதல் பாதையே புத்திசாலித்தனமானதாகக் கருதப்பட்டது. லஸ்ஸிலாவின் வரலாறு, ஒருவர் மெல்ல மெல்ல இரண்டாவது பாதைக்கு நகர்ந்த வரலாறு.

1982ஆம் ஆண்டு மெல்போர்னில் பிறந்த அவர், இளம் வயதில் ஜிம்னாஸ்டிக்ஸ் பயின்றவர். பனியே அரிதான ஒரு நாடு எப்படி ஏரியல்ஸில் வல்லரசானது என்ற கேள்விக்கான விடை இந்தப் பின்னணியில்தான் இருக்கிறது. சறுக்கத் தெரிந்த ஒருவருக்குக் கரணம் கற்றுக்கொடுப்பதைவிட, கரணம் தெரிந்த ஒருவருக்குச் சறுக்கக் கற்றுக்கொடுப்பது எளிது என்று ஆஸ்திரேலியர்கள் கண்டுகொண்டார்கள். முன்னாள் ஜிம்னாஸ்டிக் வீராங்கனையான கிர்ஸ்டி மார்ஷல் 1997இல் உலகச் சாம்பியனானார். துள்ளுமெத்தை விளையாட்டான டிராம்போலினிலிருந்து வந்த ஜாக்கி கூப்பர் 1999இல் அதே பட்டத்தை வென்றார். ஜிம்னாஸ்டிக்ஸிலிருந்து வந்து, இருபது வயதை நெருங்கும்போதுதான் சறுக்கவே தொடங்கிய அலிசா கேம்ப்ளின், 2002இல் சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில், இரு கணுக்கால்களிலும் எலும்புக் கீறல்களோடு தாவித் தங்கம் வென்றார். குளிர்கால ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற முதல் ஆஸ்திரேலியப் பெண் அவர்தான். அந்தப் போட்டியில் வெல்வார் என்று எதிர்பார்க்கப்பட்டவர் கூப்பர். ஆனால் சில நாள் முன்பு பயிற்சியில் முழங்கால் சிதைந்து அவர் விலக வேண்டியதாயிற்று. லிடியா இயெரோடியாகோனு என்ற தன் பிறந்தவீட்டுப் பெயரில், 20 வயதில், அதே போட்டியில் எட்டாம் இடம் பிடித்தவர்தான் பின்னாளில் லஸ்ஸிலா ஆனவர்.

இந்த ஜிம்னாஸ்டிக்ஸ் வழியின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். காற்றில் தான் எங்கே இருக்கிறோம் என்ற உணர்வு அவர்களுக்குச் சிறு வயதிலேயே வாய்த்துவிடுகிறது. ஆனால் கட்டைகளும் கனமான காலணியும் மாட்டிய கால்களோடு, உயரத்திலிருந்து சரிவான பனியில் இறங்குவதற்கு எந்த ஜிம்னாஸ்டிக்ஸ் மெத்தையும் பயிற்சி தருவதில்லை. பாதமும் கணுக்காலும் காலணிக்குள் இறுக்கிப் பூட்டப்பட்டிருப்பதால், அதிர்ச்சி அத்தனையும் முழங்காலுக்குப் போய்ச் சேருகிறது. ஆகவே, ஆஸ்திரேலிய ஏரியல்ஸின் வரலாற்றை முழங்கால் அறுவைச் சிகிச்சைகளின் வரலாறாகவும் எழுதிவிட முடியும்.

லிடியாவின் முறை 2005இல் வந்தது. முழங்காலின் முன்புறச் சிலுவைத் தசைநார் கிழிந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் டூரின் ஒலிம்பிக். சீரமைக்கப்பட்ட முழங்காலோடு அவர் அங்கே போய்ச் சேர்ந்தார். தகுதிச் சுற்றில் தாவி இறங்கியபோது அதே முழங்கால் மீண்டும் விட்டுவிட்டது. அந்தப் பதிவை நான் ஒரு முறைக்கு மேல் பார்க்க விரும்பியதில்லை. சரிவின் அடிவாரத்திலிருந்து எழுந்த அவருடைய அலறல் ஒளிபரப்பில் தெளிவாகவே கேட்கிறது. அந்த ஒலிம்பிக்கில் கேம்ப்ளின் வெண்கலம் வென்றார், அவரும் சில மாதங்களுக்கு முன்பு முழங்கால் சீரமைப்பு செய்துகொண்டவர்தான். தகுதிச் சுற்றில் முதலிடம் பிடித்த கூப்பர் இறுதியில் விழுந்து எட்டாம் இடத்துக்கு இறங்கினார். ஒரே அணியில், ஒரே வாரத்தில், இந்த விளையாட்டு தரக்கூடியவை அத்தனையும் ஒருங்கே நடந்தேறின.

காயத்துக்குப் பிறகான காலத்தில் லிடியா செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தமானது. முழங்காலைச் சுற்றிப் பனிக்கட்டி ஒத்தடம் வைத்துக்கொண்டு கிடந்த அனுபவத்திலிருந்து, உடலின் வடிவத்துக்கு ஏற்றபடி சுற்றிக்கொள்ளக்கூடிய ஒத்தடப் பைகளைத் தயாரிக்கும் பாடிஐஸ் என்ற நிறுவனத்தை அவர் தொடங்கினார். ஏரியல்ஸில் பணம் குறைவு. நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை மட்டுமே உலகம் திரும்பிப் பார்க்கும் விளையாட்டு இது. ஆகவே வீரர்கள் பிழைப்புக்கு வேறு ஏதாவது செய்துகொண்டே தாவுகிறார்கள். வலியையே தொழிலாக மாற்றிக்கொண்டவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

பனியில் தாவுவதற்கு முன்பு தாவல்கள் தண்ணீரில் பழகப்படுகின்றன என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கோடையில், தண்ணீர் தெளித்து வழுக்கலாக்கப்பட்ட செயற்கைச் சரிவில் சறுக்கி, கிக்கரிலிருந்து எழும்பி, குளத்துக்குள் இறங்குகிறார்கள். குளத்தின் அடியிலிருந்து காற்றுக் குமிழ்கள் செலுத்தப்பட்டு நீரின் மேற்பரப்பு கலக்கப்படுகிறது. இல்லையெனில் அந்த உயரத்திலிருந்து விழும்போது தண்ணீரும் தரையைப் போலவே அடிக்கும். புதிய தாவல் ஒன்றை நூற்றுக்கணக்கான முறை தண்ணீரில் செய்து காட்டிய பிறகே பனிக்குக் கொண்டுபோவது வழக்கம். தண்ணீர் பாதுகாப்பானது என்ற எண்ணமும் முழுக்க உண்மையல்ல. 1994இல் லில்லேஹாமரில் ஏரியல்ஸ் முதன்முறையாகப் பதக்க விளையாட்டானபோது பெண்கள் தங்கத்தை வென்றவர் உஸ்பெகிஸ்தானின் லீனா செர்யாசோவா. தாய் இறந்த செய்தியைப் போட்டி முடியும்வரை அவரிடம் சொல்லாமல் வைத்திருந்தார்கள். அதே ஆண்டு கோடையில், அமெரிக்காவின் லேக் பிளாசிடில் நீர்ப் பயிற்சியின்போது அவருடைய தலை மேடையில் மோதியது. நினைவிழந்து கிடந்து மீண்டார், 1998இல் நாகானோவிலும் தாவினார், ஆனால் பழைய லீனாவாக அவரால் திரும்ப முடியவில்லை. உஸ்பெகிஸ்தானுக்குக் குளிர்கால ஒலிம்பிக்கில் முதல் தங்கத்தைத் தேடித்தந்த அவர் 2019இல் காலமானார். இந்த விளையாட்டில் கடினமான தாவல் ஒன்றைக் கற்றுக்கொள்வது என்று நாம் எளிதாகச் சொல்லும்போது, அதன் பின்னால் இப்படிப்பட்டவையும் இருக்கின்றன.

மீண்டும் லிடியாவுக்கு வருகிறேன். மேடுகள் நிறைந்த சரிவில் சறுக்கும் மொகல்ஸ் பிரிவின் ஃபின்லாந்து வீரர் லவுரி லஸ்ஸிலாவை மணந்து, புதிய பெயரோடும் மறுபடி கட்டப்பட்ட முழங்காலோடும் திரும்பிய அவர், 2009இல் ஏரியல்ஸ் உலகக் கோப்பைப் பட்டத்தை வென்றார். வான்கூவருக்கு அருகிலுள்ள சைப்ரஸ் மலையில் 2010 பிப்ரவரியில் நடந்த ஒலிம்பிக் இறுதிப் போட்டியில், இரண்டு தாவல்களின் கூட்டுத்தொகை கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது. லஸ்ஸிலா பெற்றது 214.74, சீனாவின் லீ நீனா 207.23, அவருடைய அணித்தோழி குவோ ஷின்ஷின் 205.22. தன் ஐந்தாவது ஒலிம்பிக்கில் தாவிய கூப்பர் ஐந்தாம் இடம் பெற்றார். கூப்பரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். ஐந்து முறை உலகக் கோப்பைப் பட்டம் வென்றும் ஒலிம்பிக் பதக்க மேடையில் ஒரு முறைகூட ஏறாத அவருடைய கதை, இந்த விளையாட்டில் நான்கு ஆண்டுகளுக்கு ஒரு நாள் என்ற ஏற்பாடு எவ்வளவு நியாயமற்றது என்பதற்குச் சான்று.

28 வயதில், ஒலிம்பிக் தங்கத்தை வென்றுவிட்ட ஒருவர் அங்கேயே நிறுத்தியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். 2011இல் அவருக்கு ஆண் குழந்தை பிறந்தது. அதன் பிறகு அவர் திரும்பி வந்தது இன்னொரு தங்கத்துக்காக மட்டும் என்று நான் நம்பவில்லை. ஆண்கள் வெகு காலமாகச் செய்துவந்த, பெண்களில் யாரும் பனியில் செய்திராத ஒரு தாவலை அவர் தன் இலக்காக வைத்துக்கொண்டார்: மூன்று கரணங்கள், நான்கு திருகல்கள். முதல் கரணத்தில் ஒரு திருகல், இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் ஒன்று. வீரர்களின் பேச்சில் ஃபுல், டபுள் ஃபுல், ஃபுல். அதன் கடின எண் 4.425.

நடுக் கரணத்தில் இரண்டு திருகல்கள் என்பதுதான் இதில் உயிர்நாடி. முதல் கரணத்தின் முடிவில் இறங்குமிடத்தை ஒரு கணம் கண்ணால் பிடித்துக்கொண்டு, அடுத்த கணமே இருமடங்கு வேகத்தில் திருகலுக்குள் போக வேண்டும். அதிலிருந்து வெளிவரும்போது இன்னும் ஒரு கரணமும் ஒரு திருகலும் மீதமிருக்கின்றன. பதிவை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் மட்டுமே திருகல்களை எண்ண முடிகிறது. இயல்பான வேகத்தில் பார்ப்பவருக்கு மூன்று திருகலுக்கும் நான்கு திருகலுக்கும் வேறுபாடு தெரியாது. செய்பவரின் உடலுக்கும் நடுவரின் கண்ணுக்கும் மட்டுமே தெரியும். பார்வையாளர்களின் கைதட்டலைக் கூட்டாத ஒன்றுக்காக, குழந்தை பெற்ற பிறகு, இருமுறை அறுந்த முழங்காலோடு ஒருவர் ஆண்டுக்கணக்கில் தண்ணீரில் விழுந்துகொண்டிருந்தார் என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

சோச்சியில், ரோசா கூடோரில், 2014 பிப்ரவரி 14ஆம் நாள் இறுதிப் போட்டி நடந்தது. முறை மாறியிருந்தது: பன்னிருவர், பிறகு எண்மர், கடைசியாக நால்வர் என்று வடிகட்டி, எஞ்சிய நால்வரும் செய்யும் ஒரே ஒரு தாவல் பதக்கங்களைத் தீர்மானிக்கும். லஸ்ஸிலா, லீ நீனா, சீனாவின் ஷூ மெங்தாவ், பெலாரஸின் ஆல்லா ட்சூப்பர் ஆகியோர் எஞ்சினார்கள். ட்சூப்பருக்கு அது ஐந்தாவது ஒலிம்பிக். அவரும் மகப்பேற்றுக்குப் பிறகு திரும்பி வந்தவர். உக்ரைனுக்காக 1998இல் பெற்ற ஐந்தாம் இடமே அதுவரை அவருடைய சிறந்த ஒலிம்பிக் நிலை.

லஸ்ஸிலா நான்கு திருகல் தாவலைத் தேர்ந்தெடுத்தார். காற்றில் அது முழுமையாகவே நிகழ்ந்தது. நான்கு திருகல்களும் அவற்றுக்குரிய இடத்தில் முடிந்தன. பனியைத் தொட்ட பிறகு உடல் பின்னால் சாய்ந்தது, அவரால் தாவலை நிலைநிறுத்த முடியவில்லை. மதிப்பெண் 72.12. ட்சூப்பர் 98.01 பெற்றுத் தங்கம் வென்றார். ஷூ மெங்தாவ் 83.50க்கு வெள்ளி, விழுந்த லீ நீனா நான்காம் இடம்.

இந்த எண்களைச் சற்றுப் பிரித்துப் பார்த்தால் அந்த முடிவின் தன்மை விளங்கும். 72.12 என்பது 4.425ஐ 16.3ஆல் பெருக்கினால் வருவது. 30க்கு 16.3. இறங்குவதற்குரிய 9 மதிப்பெண்களில் பெரும்பகுதி போய்விட்டிருக்கிறது. ட்சூப்பரின் 98.01, 4.050 என்ற கடின எண்ணை 24.2ஆல் பெருக்கிக் கிடைத்தது. லஸ்ஸிலா ட்சூப்பரை முந்துவதற்கு 22.2 போதுமானது. அதாவது அந்தத் தாவலை அழகாக முடித்திருக்க வேண்டியதில்லை. தட்டுத்தடுமாறியாவது நின்றிருந்தாலே தங்கம் அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. எனவே, பெருமைக்காகப் பதக்கத்தைப் பலிகொடுத்தார் என்று சிலர் பேசுவதை நான் ஏற்பதில்லை. கணக்கு அவருக்குச் சாதகமாகவே இருந்தது. ஆனால் கணக்குக்காக மட்டும் அவர் அதைச் செய்தார் என்றும் சொல்ல மாட்டேன். பதக்கத்தைக் காப்பாற்றும் எண்ணம் மேலோங்கிய ஒருவர், ஒலிம்பிக்கின் கடைசித் தாவலை இப்படியொரு முயற்சிக்கான இடமாகத் தேர்ந்தெடுக்க மாட்டார். வேறெங்கும் கிடைக்காத ஒரு மேடையில் இது பெண்களாலும் இயலும் என்று காட்டுவது அவருக்குப் பதக்கத்தின் நிறத்தைவிட முக்கியமாக இருந்திருக்கிறது என்றே நான் அந்தத் தேர்வைப் புரிந்துகொள்கிறேன்.

அந்தத் தாவல் அவரோடு முடிந்துவிடவில்லை. 2017ஆம் ஆண்டு ஸ்பெயினின் சியரா நெவாடாவில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில், அமெரிக்காவின் ஆஷ்லி கால்ட்வெல் அதே மூன்று கரண, நான்கு திருகல் தாவலைச் செய்து, இரு கால்களில் இறங்கி, சறுக்கி வெளியே வந்தார். 109.29 மதிப்பெண், உலகச் சாம்பியன் பட்டம். 4.425ஐ 24.7ஆல் பெருக்கிக் கிடைத்த அந்தத் தொகை, மூன்று ஆண்டுகளுக்கு முன்பு சோச்சியில் லஸ்ஸிலா எதைக் குறிவைத்தார் என்பதற்கான துல்லியமான விடை. கால்ட்வெல்லும் ஆண்களோடு சமமாகத் தாவ வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தவர். அந்தப் பிடிவாதத்துக்காக எளிதாகக் கிடைத்திருக்கக்கூடிய பல வெற்றிகளை இழந்தவர்.

லஸ்ஸிலா இரண்டாவது குழந்தைக்குப் பிறகும் திரும்பி வந்தார். 2018இல் தென்கொரியாவின் பியோங்சாங்கில், 36 வயதில், தன் ஐந்தாவது ஒலிம்பிக்கில் தாவி, இறுதிக்குத் தகுதி பெறாமல் வெளியேறினார். கால்ட்வெல்லும் அதே தகுதிச் சுற்றில் வெளியேறினார் என்பது இந்த விளையாட்டின் விசித்திரமான நீதி. ஷூ மெங்தாவுக்கோ அந்த ஒலிம்பிக்கில் பதக்கம் கிட்டவில்லை. 2022இல் பெய்ஜிங்கில், தன் நான்காவது ஒலிம்பிக்கில், 108.61 பெற்று அவர் தங்கம் வென்றார். அங்கேயே கால்ட்வெல் தனிப்போட்டியில் நான்காம் இடம் பெற்றாலும், முதன்முறையாகச் சேர்க்கப்பட்ட கலப்பு அணிப் போட்டியில் தங்கம் பெற்றார்.

ஆஸ்திரேலியாவில் இன்று நிலைமை வேறு. லஸ்ஸிலாவின் தலைமுறை நல்ல நீர்ப் பயிற்சிக்காக ஆண்டுதோறும் அமெரிக்காவின் யூட்டாவுக்கும் பிற இடங்களுக்கும் போய் மாதக்கணக்கில் தங்க வேண்டியிருந்தது. இப்போது பிரிஸ்பேனில், பனியே பெய்யாத ஒரு நகரத்தில், ஏரியல்ஸுக்கென்றே கட்டப்பட்ட நீர்ப் பயிற்சி மையம் இருக்கிறது. சோச்சியில் லஸ்ஸிலாவோடு ஒரே அணியில் இருந்த லாரா பீல், 2015இலும் 2021இலும் உலகச் சாம்பியனானார். அவரும் ஜிம்னாஸ்டிக்ஸிலிருந்து வந்தவரே.